ஆலோசகர் வேண்டாம், தூங்க இடம் கொடுங்கள்

சீனாவின் ஹூனான் மாகாணத் தலைநகரம் சாங்ஷா. 2020-இன் தொடக்கத்தில், அந்த ஊரின் சியாங்யா இரண்டாம் மருத்துவமனை, கொரோனா வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு மனநலத் திட்டம் போட்டது. இணையத்தில் பாடங்கள், தொலைபேசியில் ஆலோசனை, மன இறுக்கம் தளரக் குழுப் பயிற்சிகள் என்று எல்லாம் யோசித்துச் செய்யப்பட்ட திட்டம்தான். ஆனால் ஊழியர்கள் அதன் பக்கம் வரத் தயங்கினார்கள். செவிலியர்கள் சிலர் படபடப்பாக இருந்தார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னால் மறுத்தார்கள். ஏதோ சரியில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கேட்டால், எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, உதவி எதுவும் வேண்டாம் என்றார்கள்.

வேறொரு மருத்துவமனையாக இருந்திருந்தால், “நாங்கள் கொடுத்தோம், அவர்கள்தான் வாங்கிக்கொள்ளவில்லை” என்று கோப்பை மூடியிருப்பார்கள். சாங்ஷாவில் அப்படிச் செய்யவில்லை. 13 ஊழியர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஆளுக்கு அரை மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். வந்த பதில்கள் ஆலோசகர்கள் எதிர்பார்த்தவை அல்ல. வார்டுக்குள் இறங்கிய பிறகு, தனக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம் பெரிதாக இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம் இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் தன்னை நினைத்துக் கவலைப்படக்கூடாது என்ற எண்ணம் இருந்தது. பயத்தில் ஒத்துழைக்க மறுக்கும் நோயாளியை எப்படிக் கையாள்வது என்று தெரியாத தவிப்பு இருந்தது. பாதுகாப்பு உடை தீர்ந்துவிடுமோ என்ற கவலையும், கண்ணெதிரே மூச்சுத் திணறுகிறவருக்குச் செய்ய வழியில்லாத கையாலாகாத்தனமும் இருந்தன. பலர் சொன்னதன் சாரம்: மனநல ஆலோசகர் தேவையில்லை, யாரும் எழுப்பாத ஓய்வு வேண்டும், போதுமான பாதுகாப்புப் பொருட்கள் வேண்டும். முடிந்தால் அந்த ஆலோசகர்களை நோயாளிகளிடம் அனுப்புங்கள் என்றும் யோசனை சொன்னார்கள்.

மருத்துவமனை திட்டத்தை மாற்றியது. வீட்டுக்குப் போகாமல் தங்க இடம் கொடுத்தது. சாப்பாட்டுக்கும் அன்றாடப் பொருட்களுக்கும் பொறுப்பேற்றது. பதற்றத்தில் இருக்கும் நோயாளியிடம் பேசுவது எப்படி என்று பணிக்கு முன்பே பயிற்சி கொடுத்தது. கட்டுக்கடங்காத நோயாளிகளைச் சமாளிக்கப் பாதுகாவலர்களை ஏற்பாடு செய்தது. ஊழியர்கள் தங்கள் அன்றாடத்தை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப உதவியது. ஆலோசகர்களையும் அனுப்பிவிடவில்லை, தங்குமிடத்துக்கே போய், ஊழியர்கள் சொல்லும் கதைகளைக் காது கொடுத்துக் கேட்பது அவர்கள் வேலையானது. இந்த அனுபவத்தை அவர்கள் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழுக்கு ஒரு சிறு கடிதமாக எழுதினார்கள். கொரோனா காலத்தில் வந்த ஆய்வுகளில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

தூக்கம் கேட்பது மனநலத்தைத் தட்டிக்கழிப்பதாகாது. மூளையின் வேலையைப் பார்த்தால் இது புரியும். நம் மூளையில் காதுக்கு நேர் உள்ளே, பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றியதும் மணி அடிப்பது அதன் வேலை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, “இது அவ்வளவு பெரிய விஷயமில்லை” என்று அந்த மணியை அடக்கும். 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களையும் நன்றாகத் தூங்கியவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். தூங்காதவர்களின் அமிக்டலா சுமார் 60 சதவீதம் கூடுதலாகக் கொதித்தது. முன்மூளையோடு அதற்கு இருக்கும் தொடர்பும் தளர்ந்திருந்தது. ஒரே ஓர் இரவுக்கு இந்தக் கதி. சாங்ஷாவில் எரிந்து விழுந்த செவிலியரின் மூளையில் நடந்தது இதற்கு வெகு தூரத்தில் இருந்திருக்காது.

ஓய்வெடுக்க மறுத்ததற்கும் காரணம் இருக்கிறது. அபாய மணி அடித்ததும் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, பசியும் களைப்பும் பின்வாங்குகின்றன. பாம்பைக் கண்டு ஓடுகிறவனுக்குப் பத்து நிமிடம் இது போதும். கார்ட்டிசால் இயல்பாகக் காலையில் உச்சத்தில் இருந்து, இரவில் அடங்க வேண்டிய பொருள். வாரக்கணக்கில் நைட் டியூட்டியும், கணத்துக்குக் கணம் மானிட்டர் அலறும் ஐ.சி.யூ.வும் சேர்ந்தால் அந்தத் தாளம் குலைகிறது. உடம்பு களைத்துக் கிடக்கும், மூளை மட்டும் காவலுக்கு நிற்கும். அப்படிப்பட்டவரிடம் போய் “கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்க சிஸ்டர்” என்றால் அது அவருக்கு வேற்றுமொழியாகத்தான் கேட்கும். இப்படி நீண்ட நாள் விழித்திருப்பதற்கு உடல் கொடுக்கும் விலையை அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மெக்யூவன் 1990-களிலேயே விளக்கினார். நம்மைக் காப்பாற்றும் அதே ஹார்மோன்கள், அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால், ரத்தக்குழாயையும் நினைவாற்றலையும் நோய் எதிர்ப்பையும் தேய்க்கின்றன.

இதோடு அந்தப் பாதுகாப்பு உடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.பி.இ. கிட் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. சென்னை மே மாத வெயிலில், ஏ.சி. போடக்கூடாத வார்டில், உடைக்குள் வேர்வை ஓடிக் கையுறைக்குள் தேங்கும். கண்ணாடியில் ஆவி படர்ந்து ஊசி போடும் ரத்தநாளம் தெரியாது. எதிரில் இருப்பது டாக்டரா, நர்ஸா, வார்டு பாயா என்று நோயாளிக்கும் தெரியாது. அதனால்தான் முதுகிலும் மார்பிலும் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். இங்கேதான் செய்தித்தாள்கள் நம்மைக் கொஞ்சம் தடுமாற வைத்தன. 2020 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பேரிடம் எடுத்த கணக்கெடுப்புதான் உலகெங்கும் முதலில் பரவியது. மனச்சோர்வின் அறிகுறிகள் 50.4 சதவீதம் பேரிடம், பதற்றம் 44.6, தூக்கமின்மை 34, மன உளைச்சல் 71.5 சதவீதம். இங்கிலாந்தில் முதல் அலை தணிந்த ஜூன், ஜூலையில் ஒன்பது ஐ.சி.யூ.க்களின் ஊழியர்கள் 709 பேரைக் கேட்டபோது, 40 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருக்கக்கூடும் என்று வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிறகு, நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் வந்து ஆளை உலுக்கும் நோய் அது. போர்முனையிலிருந்து திரும்பும் படைவீரர்களிடம் காணும் அளவைவிட இது அதிகம்.

இவை பொய் எண்கள் அல்ல. ஆனால் இவை எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். கேள்வித்தாளைக் கொடுத்து, “கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, களைப்பு எப்படி” என்று கேட்டு மதிப்பெண் போட்டு வந்தவை. இரண்டு வாரமாக நைட் டியூட்டியில் இருப்பவரிடம் தூக்கம் எப்படி என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? கேள்வித்தாள் என்பது கலெக்டர் ஆபீஸ் வாசலில் வைத்திருக்கும் மெட்டல் டிடெக்டர் மாதிரி. ஆயுதம் தப்பிவிடக்கூடாது என்பதால் பெல்ட் கொக்கிக்கும் சத்தம் போடும். ஆயுதமா கொக்கியா என்று ஓர் ஆள் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தத் தடவிப் பார்க்கும் வேலையைப் பின்னர் இங்கிலாந்திலேயே செய்தார்கள். அரசு மருத்துவத் துறையின் ஊழியர்களைப் பெரும் அளவில் தொடர்ந்த ஓர் ஆய்வில், கேள்வித்தாளோடு நிறுத்தாமல், அவர்களில் ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்றவர்கள் நேர்காணல் செய்தார்கள். கேள்வித்தாள் 25.4 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்றது, நேர்காணலில் 7.9 சதவீதம்தான் தேறியது. மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்த கணக்கு 52.8-இலிருந்து 21.5 சதவீதமாக இறங்கியது. 2023-இல் இது வெளிவந்தபோது, “பார்த்தீர்களா, ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள்” என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே நாட்டில் கொரோனாவுக்கு முன் பொதுமக்களிடம் பி.டி.எஸ்.டி. நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் இருந்தது; ஆகவே 7.9 என்பது இரட்டிப்பு. மீதிப் பேர் நலமாக இருந்தார்கள் என்பதும் இதன் பொருளல்ல. அவர்கள் வதைபட்டார்கள், ஆனால் அந்த வதைக்கு மருந்துச்சீட்டு எழுத முடியாது. நோய் இருப்பவருக்கு மனநல மருத்துவர் வேண்டும். மற்றவர்களுக்கு ரோஸ்டரை மாற்ற வேண்டும். இரண்டு பேரையும் ஒரே சதவீதத்துக்குள் போட்டால், சிகிச்சை தேவைப்படுகிறவருக்கு வரிசையில் இடம் கிடைக்காது, ரோஸ்டரும் அப்படியே இருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. அந்தச் சீனக் கணக்கெடுப்பின் 1,257 பேரில் 493 பேர் மருத்துவர்கள், 764 பேர் செவிலியர்கள். கூட்டிப் பாருங்கள், கணக்கு முடிந்துவிட்டது. வார்டைத் துடைத்தவர், பிணவறையில் உடலைப் பையில் சுற்றியவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர் யாரும் அதில் இல்லை. உலகெங்கும் வந்த எத்தனையோ கணக்கெடுப்புகள் இப்படித்தான்.

கேள்வித்தாளில் சிக்காத இன்னொன்று, மனசாட்சியில் படும் காயம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990-களில் இதைப் பற்றி எழுதினார். சிலரை உலுக்கியது சாவு பயமில்லை. சரியல்ல என்று தெரிந்த ஒன்றைச் செய்ய நேர்ந்ததும், அதிகாரத்தில் இருந்தவர்கள் கைவிட்டதும்தான். செவிலியர்களுக்கு இது புதிய செய்தியல்ல. செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், அமைப்பு அதைச் செய்ய விடாதபோது வரும் வேதனையை ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவவியலாளர் 1984-லேயே செவிலியர் அறம் பற்றிய நூலில் பெயரிட்டு எழுதிவிட்டார்.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. நோயாளி உள்ளே, படுக்கை காலியாகும்வரை வண்டியிலேயே ஆக்சிஜன். அந்த வரிசையை ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவந்த பயிற்சி மருத்துவருக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ இருந்திருக்கும். உள்ளே ஒரு படுக்கை காலியாகிறது என்றால் ஒருவர் குணமாகிப் போனார், இல்லை இறந்துபோனார். அடுத்து யாரை ஏற்றுவது? ஆக்சிஜன் சாச்சுரேஷன் 70 இருக்கும் முதியவரையா, 82 இருக்கும் இளைஞரையா? இதற்கு எந்தப் பாடநூலிலும் முழுமையான விடை இல்லை. எதைச் செய்தாலும் மற்றது ராத்திரியில் வந்து நிற்கும். இது பயத்தால் வந்த நோய் அல்ல என்பதால், பயத்தைத் தணிக்கும் மருந்து இதைத் தொடாது. முடிவைத் தனி ஒருவர் தலையில் கட்டாமல், மூத்த மருத்துவர்கள் சேர்ந்து எடுத்து, காரணத்தை எழுதி வைத்தால், இளையவர் தோளிலிருந்து பாதி பாரம் இறங்கும்.

கைவிடப்படுவதன் வலியைச் சென்னை ஓராண்டுக்கு முன்பே பார்த்திருந்தது. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது, தட்டையும் கரண்டியையும் தட்டியது. சரியாக நான்கு வாரம்தான் கழிந்திருந்தது. ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தபோது, கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. அடுத்துக் கொண்டுபோன வேலங்காடு இடுகாட்டில் ஆம்புலன்ஸ் மீது கல்லும் கட்டையும். உடன் போனவர்கள் ரத்தம் வழிய ஓடினார்கள். நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் திரும்பி வந்து, போலீஸ் காவலோடு, தன் கையால் மண் தள்ளி அடக்கம் செய்தார். மூன்று நாளில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்றது. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் அன்று இரவு கேரளத்திலும் தில்லியிலும் டியூட்டி அறைகளில் செல்போனில் அந்தச் செய்தியைப் பார்த்த மருத்துவர்கள், நாளை நமக்கும் இதுதானா என்று யோசித்திருப்பார்கள் அல்லவா, அந்த நினைப்பைச் சட்டத்தால் அழிக்க முடியாது.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. யாருக்கு பி.டி.எஸ்.டி. வரும் என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து லண்டனைச் சேர்ந்த கிறிஸ் புரூவின் குழுவினர் 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவரின் வயது, படிப்பு, பழைய மனநலச் சிக்கல் இவற்றைவிட, அதிர்ச்சியின் கடுமையும் அதற்குப் பின் சுற்றத்தின் ஆதரவு இல்லாமையும்தான் வலுவான காரணங்களாக வந்தன. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதும், கோலம் போட வாசலுக்கு வந்தவர் நர்ஸ் என்றதும் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்துவதும் அவமானத்தோடு நிற்பவை அல்ல, நோய்க் காரணிகளும்கூட.

அப்படியானால் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் கொட்டச் சொன்னால் பாரம் இறங்குமே என்று தோன்றும். நல்லெண்ணத்தோடு உலகெங்கும் அப்படித்தான் செய்துவந்தார்கள். பேரிடர் முடிந்த ஓரிரு நாளில் ஒரே அமர்வு. என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று தோண்டிக் கேட்பது. 1997-இல் பிரிட்டனில், தீக்காயம் பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த அமர்வைக் கொடுத்து, இன்னொரு பகுதியினரைச் சும்மா விட்டார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அமர்வில் உட்கார்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி., சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம் பேருக்கு. அமர்வு பெற்றவர்களுக்குத் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கடுமையாக இருந்தது என்பதைக் கழித்துக்கொண்டாலும், பலன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் தொகுப்பாய்வும், கட்டாயமாக இப்படிக் கொட்டவைப்பதை நிறுத்துங்கள் என்றது. பச்சைப் புண்ணைக் கிளறாமல் விட்டால் பெரும்பாலோருக்குத் தானே ஆறுகிறது. சாங்ஷா செவிலியர்கள் ஆலோசகரிடமிருந்து விலகி நின்றதில் பிடிவாதத்தைவிட விவேகம் அதிகம் இருந்தது என்று எனக்குப் படுகிறது.

விலகி நிற்பதற்கு எல்லா இடத்திலும் அதே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மருத்துவர் உரிமத்துக்கான படிவத்திலேயே, மனநலச் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா என்ற கேள்வி இருந்தது. நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லார்னா பிரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டபோது, உதவி கேட்டால் உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயரிலேயே 2022-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நம் ஊரில் அப்படி ஒரு கேள்வி படிவத்தில் இல்லை. டீ குடிக்கும் இடத்தில் இருக்கிறது.

கைகொடுத்தவை பெரும்பாலும் சாதாரணமானவை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராணுவத்திடமிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்: ஒரே மாதிரி வேலை பார்க்கும் இரண்டு பேரை ஜோடி சேர்த்து, ஒருவரை ஒருவர் தொடர்ந்து விசாரித்துக்கொள்ளச் செய்தார்கள். ஆலோசகரிடம் வாய் திறக்காதவர், நேற்று தன்னோடு அதே வார்டில் நின்றவரிடம் திறப்பார். ஆஸ்திரேலியத் தீயணைப்புத் துறையில் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மேலதிகாரிகளுக்கு நான்கே மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். கீழே வேலை பார்ப்பவர் வாடியிருந்தால் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதுதான் பாடம். அந்த அதிகாரிகளின் கீழ் இருந்தவர்கள் பணி காரணமான நோய்விடுப்பு எடுப்பது குறைந்தது. நம் மருத்துவமனைகளில் நர்சிங் சூப்பிரண்டென்டுக்கோ யூனிட் சீஃபுக்கோ இந்த நான்கு மணி நேரத்தை யாராவது கொடுத்திருந்தால் மகிழ்ச்சி.

கொள்ளைநோய் போன பிறகு என்ன ஆகும் என்பதற்கு உலகத்திடம் ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது. 2003-இல் சார்ஸ் கனடாவின் டொராண்டோவைத் தாக்கியது. நோய் பிடித்தவர்களில் பெரும் பங்கினர் மருத்துவமனை ஊழியர்கள். அது ஓய்ந்து 13 முதல் 26 மாதங்கள் கழித்து, ராபர்ட் மாண்டர் குழுவினர் 769 ஊழியர்களை விசாரித்தார்கள். சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த டொராண்டோ மருத்துவமனைகள் ஒருபக்கம், சார்ஸ் எட்டிப் பார்க்காத பக்கத்து ஊரான ஹாமில்டன் மறுபக்கம். பணிச்சோர்வு டொராண்டோவில் 30.4 சதவீதம், ஹாமில்டனில் 19.2. மன உளைச்சல் டொராண்டோவில் 44.9, ஹாமில்டனில் 30.2. டொராண்டோக்காரர்கள் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், நோயாளியிடம் முகம் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு இது குறைவாக இருந்தது? எங்களுக்குப் போதிய பயிற்சி கிடைத்தது, பாதுகாப்புக் கிடைத்தது, நிர்வாகம் பக்கபலமாக நின்றது என்று உணர்ந்தவர்களுக்கு. மறுபடியும் அதே பட்டியல்.

தமிழ்நாட்டில் இரண்டாம் அலையின் உச்சத்துக்குப் பத்தொன்பது மாதம் கழித்து வருவது 2022 டிசம்பர். டொராண்டோவில் கேள்வித்தாளோடு போய் நின்ற அதே கால இடைவெளி. அந்த மாதம் 31-ஆம் தேதியோடு, கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி முடிவுக்கு வந்தது. மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. ஒப்பந்தத்தில் எடுத்தது ஒப்பந்தப்படி முடிந்தது என்ற கணக்கும் சரிதான். ஜனவரியில் சேலத்திலும் சென்னையிலும் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் யாராவது கேள்வித்தாளை நீட்டி, கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் தூக்கம் எப்படி என்று கேட்டிருந்தால், வந்த பதிலை எந்த நோயின் கணக்கில் எழுதியிருப்பார்கள்?